தாலிக்குப் பிறகு ஒரு கையெழுத்து

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில், இவ்வளவு திருத்தமான தமிழ்க் கையெழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டது. அடையாளம் தெரியக்கூடியவற்றை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

மகளுக்கு 28 வயது, நர்ஸ் வேலை. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கோயில் பேசியாயிற்று, பட்டு எடுத்தாயிற்று. மாப்பிள்ளை கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கடைக்காக வாங்கிய கடனும் இருக்கிறது. நலங்குக்கு நாள் குறிக்கப் போன இடத்தில் சம்பந்தி சொன்னாராம்: "தாலி கட்டினால் கல்யாணம் முடிந்தது. ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) ரிஜிஸ்டரெல்லாம் வேண்டாம். ஆணும் ஆணும் கையெழுத்துப் போடுகிற புத்தகம் அது. நாளைக்கு நாலு பெண்டாட்டிக்காரனும் அதில் போடப் போகிறான். நம் பிள்ளைகள் பெயர் அங்கே எதற்கு?"

அந்த அம்மாவுக்கும் பாதி மனசு அதே பக்கம்தான். "ஆடியில் கூழ் ஊற்றுகிற வீடு எங்களுடையது. சாமி முன்னால் கட்டிய தாலிக்கு மனுஷன் ஸ்டாம்ப் குத்த வேண்டுமா?" என்று கேட்கிறார். மறு பாதியை உறுத்துவது அவருடைய நாத்தனார் கதை. 31 வருஷம் தாலியோடு வாழ்ந்தவர், பதிவு கிடையாது. கணவர் இரண்டு வருஷத்துக்கு முன் உயில் எழுதாமல் போய்விட்டார். கணவரின் தம்பிகள் வந்து, "கம்ப்யூட்டரில் அண்ணன் கல்யாணமாகாதவர் என்றுதான் இருக்கிறது, வீட்டைக் காலி பண்ணுங்கள்" என்கிறார்களாம்.

இனி உங்களிடமே நேராகப் பேசுகிறேன், அம்மா.

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் "நம்ம வழக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் வழக்கத்தை மதிக்கிற ஆள்தான். புரட்டாசியில் என் வீட்டு அடுப்பில் கவிச்சி ஏறாது. ஆனால் கல்யாணத்தைப் பதியாமல் விடுவதை நம் வழக்கம் என்று சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த நாட்டில் நம் கல்யாணத்துக்கு என்ன நடந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். ஒரு முஸ்லிம் பெண்ணின் வழக்கு அது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணம் இந்த நாட்டில் கல்யாணமே ஆகாது என்பது அதன் சாரம். ஒரே நாளில் நம் பாட்டிமார்கள் எல்லாரும் சட்டத்தின் கண்ணில் வைப்பாட்டிகள் ஆனார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்து ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட 3 பவுன் தலைவரிக்கு எதிரான போராட்டத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. அதுவரை ஆண்கள் மட்டும் ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வந்து தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். பிடித்து மாரிட்ஸ்பர்க் சிறையில் போட்டார்கள். பின்னால் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16. சிறையில் வந்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள்.

அந்த வருஷமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டம்தான் நம் பூசாரிகளையும் கல்யாண அதிகாரிகளாக நியமிக்க வழி செய்தது. இன்று நடப்பில் இருக்கும் 1961-ஆம் வருஷத்துத் திருமணச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலும் "எந்த இந்திய மதத்தின் சடங்கும்" என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. கிறிஸ்தவ, யூத, இஸ்லாமியச் சடங்குகளுக்குப் பக்கத்தில் நம்முடையதும் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடம் யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. உங்கள் சம்பந்தி வேண்டாம் என்று தள்ளுகிற அந்தக் கையெழுத்து, நம் பெண்கள் ஜெயிலுக்குப் போய்க் கேட்டு வாங்கியது.

அப்புறம் ஏன் இத்தனை குடும்பங்கள் பதியாமல் விட்டன? நிறவெறி ஆட்சியில் அரசாங்க ஆபீஸ் என்றாலே ஒதுங்கிய காலம் ஒன்று இருந்தது. வீட்டைப் பறித்து நம்மைச் சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டியவன் கையில் கல்யாணப் பேப்பரையும் கொடுப்பதா என்ற கோபம் நியாயமானதுதான். அந்தக் காரணம் போய் 30 வருஷம் தாண்டிவிட்டது.

பதியாத தாலியை யார் மதிக்கிறார்கள்?

யாருமே மதிப்பதில்லை என்று சொன்னால் அது பொய். சட்டம் இதில் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறது. வருமான வரிச் சட்டம் மதச் சடங்குப்படி நடந்த கல்யாணத்தைக் கல்யாணமாகவே எடுத்துக்கொள்கிறது. 2005-ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டமும் அப்படியே; ஆகவே பிறக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். கணவர் உயில் இல்லாமல் இறந்தால் இந்துச் சடங்கு மனைவியும் வாரிசு மனைவிதான் என்று டர்பன் உயர்நீதிமன்றம் 2008-இல் கோவெண்டர் எதிர் ரகவையா வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் அதே நீதிமன்றம் அதற்கு முன்பு, சிங் எதிர் ராம்பர்சாத் வழக்கில், பதியாத இந்துக் கல்யாணத்துக்கு விவாகரத்து கொடுக்க முடியாது என்றும் சொல்லியிருக்கிறது. சட்டப்படி கல்யாணமே இல்லாதபோது எதைப் பிரிப்பது? வரிக்காரருக்கு உங்கள் மகள் மனைவி. விவாகரத்துக் கோர்ட்டுக்கு யாரோ ஒரு பெண். கணவன் செத்தால் உரிமை உண்டு, விட்டுப் போனால் கிடையாது என்பதை எந்தத் தாய் ஏற்றுக்கொள்வாள்?

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு நம்பிக்கைகளை இங்கேயே திருத்திவிடுகிறேன். "ஏழு வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் சட்டமே மனைவி என்று சொல்லிவிடும்" என்கிறீர்கள். என் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள். சிலருக்கு ஏழு, சிலருக்கு ஐந்து. தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. எத்தனை வருஷம் ஆனாலும் அது தானாகக் கல்யாணமாக மாறாது. 2021 கடைசியில் அரசியலமைப்பு நீதிமன்றம், நிரந்தரத் துணையாக வாழ்ந்தவர் இறந்தால் மற்றவர் வாரிசாகலாம் என்று தீர்ப்புச் சொன்னது உண்மை. அதுவும் இறந்த பிறகுதான், நிரூபித்தால்தான்.

இரண்டாவது, "முஸ்லிம்களின் பதியாத கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வந்துவிட்டது, நமக்கும் சேர்த்துத்தானே?" என்பது. இல்லை. 2022 ஜூன் 28 தீர்ப்பும் அதைத் தொடர்ந்து 2024-இல் வந்த விவாகரத்துச் சட்டத் திருத்தமும் முஸ்லிம் கல்யாணங்களுக்கு மட்டும். அவர்கள் பெண்கள் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தி வாங்கினார்கள்.

அந்தப் புத்தகத்தில் வேறு யார்யார்

சம்பந்தியின் மனவருத்தத்தை நான் கேலி செய்யமாட்டேன். கல்யாணம் என்பது ஆணும் பெண்ணும் அக்னி சாட்சியாகச் சேருவது என்று நம்புகிறவர் அவர். அப்படி நம்ப அவருக்கு உரிமை இருக்கிறது, வேறு விதமாக வாழ மற்றவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் விவரங்கள் சரியில்லை.

ஒரே பாலினத்தவர் கல்யாணம் இங்கே 2006 நவம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்குச் சட்டமும் வேறு, பதிவேடும் வேறு. உங்கள் ஐயர் நடத்துவது 1961 சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, தன் மதக் கோட்பாட்டுக்கு ஒவ்வாத கல்யாணத்தை நடத்தும்படி எந்த மதகுருவையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. 2020-இல் திருத்தம் வந்து மனச்சாட்சியைக் காரணம் காட்டி மறுக்கும் உரிமையை எடுத்தார்களே என்றால், அது அரசாங்க ஊழியர்களான அதிகாரிகளுக்கு. கோயில் ஐயருக்கு அல்ல.

2023 கடைசியில் நாடாளுமன்றத்துக்கு வந்த திருமண மசோதா எல்லா வகைக் கல்யாணத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. அதைப் பற்றித்தான் சம்பந்தி கேள்விப்பட்டிருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதலாம், எம்.பி.யைப் பார்க்கலாம். மகனின் கல்யாணத்தைப் பதியாமல் விட்டு அந்த மசோதாவை எதிர்ப்பது, மழையின் மேல் கோபப்பட்டு வீட்டுக் கூரையைப் பிரிப்பது போல.

நாலு பெண்டாட்டி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். 1961 சட்டத்தில் பதிந்த ஒருவர், மனைவி இருக்கும்போது இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்ய முடியாது. செய்தால் செல்லாது, குற்றமும்கூட. பதியாத தாலி மட்டும் இருந்தால்? அந்தக் கணவன் நாளைக்கே வேறு பெண்ணோடு ஹோம் அஃபேர்ஸ் போய்க் கையெழுத்துப் போடலாம். கம்ப்யூட்டர் அவனைக் கல்யாணமாகாதவன் என்றுதான் காட்டும். சட்டத்தின் கண்ணில் வந்தவள் மனைவி, தாலியோடு வீட்டில் இருப்பவள் வெளியாள். ஒருவனுக்கு ஒருத்தி என்று சொல்கிற குடும்பம் அந்த ஒருத்திக்குப் போடக்கூடிய ஒரே சட்டப் பூட்டு அந்தக் கையெழுத்துதான்.

மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரை எனக்குத் தெரியாது. என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கணவரும் நல்லவர்தான் என்றே அவள் கடைசிவரை சொன்னாள். அவள் ஒரு பழுப்பு உறையில் கல்யாண போட்டோ, கோயில் ரசீது, மஞ்சள் கயிற்றோடு சுருட்டிய தாலி மூன்றையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதில் எது சார் சாட்சி?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

கடனும் ஏ.என்.சி.யும்

எனக்கென்னவோ சம்பந்தியின் தயக்கத்துக்கு உண்மையான காரணம் கடையின் கடனாக இருக்கும் என்று தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம். ஆனால் கடன் இருப்பதை நீங்கள் கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் எழுத வேண்டியது அது.

ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பதிந்தால் இருவர் சொத்தும் இருவர் கடனும் ஒரே பானைக்குள் போய்விடும். கடைக் கடன்காரர் உங்கள் மகள் சேமிப்பில் கை வைக்கலாம். "அதனால்தான் பதிய வேண்டாம் என்கிறோம்" என்று அவர்கள் நினைத்தால் அதுவும் தப்புக் கணக்கு. 1936-ஆம் வருஷத்துத் திவால் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மனைவி என்பதற்குக் கொடுக்கும் பொருளில் வழக்கப்படி கல்யாணமானவளும் வருவாள், மனைவி போல் சேர்ந்து வாழ்பவளும் வருவாள். மாப்பிள்ளை திவாலானால் பதியாத தாலி ஒரு கவசமும் ஆகாது. மகள் தன் பொருள் தன்னுடையது என்று நிரூபித்துத்தான் மீட்க வேண்டும். பதிந்தாலும் பதியாவிட்டாலும் நகை, கார், ஃபிரிட்ஜ் ரசீதுகளை அவள் பெயரில் தனியாக ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

வழி, நாம் ஏ.என்.சி. என்று சொல்லும் கல்யாணத்துக்கு முந்தைய ஒப்பந்தம். நோட்டரி முன்னால் கையெழுத்தாக வேண்டும், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால். மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். நம் மாகாணத்துக்கு அது மாரிட்ஸ்பர்க்கில். அவரவர் கடன் அவரவருக்கு. குடித்தனச் செலவுக்கான கடன் மட்டும் இருவரையும் தொடும். 1984 நவம்பர் முதல், வேண்டாம் என்று எழுதாவிட்டால், "அக்ரூவல்" தானாகச் சேரும். கல்யாண நாளிலிருந்து யார் சொத்து எவ்வளவு வளர்ந்ததோ, அந்த வளர்ச்சியின் வித்தியாசத்தில் பாதி என்பது அதன் அர்த்தம். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தபின் அவர் சொத்து 15 லட்சம் ராண்ட் வளர்ந்து, உங்கள் மகளுடையது 3 லட்சம் வளர்ந்திருக்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 12 லட்சம். பிரிந்தாலோ அவர் இறந்தாலோ மகளுக்கு 6 லட்சம் வர வேண்டும். பிள்ளை பெற்று, லீவு போட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்ட வருஷங்களுக்கு அது கணக்கு. ஆகவே "அக்ரூவல் வேண்டாம்" என்று எழுதிய படிவத்தை நீட்டினால் மகள் கையெழுத்துப் போடக் கூடாது, குறைந்தபட்சம் தனக்கென்று ஒரு வக்கீலைக் கேட்காமல்.

"தாலி கட்டும் முன்னே பிரிவைப் பற்றி எழுதுவது அமங்கலம் இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலம் மாற்றும்போது சீர் என்ன, நகை எத்தனை என்று பேசுகிறோம். பெரியவர்கள் முன்னால் வாசிக்கிறோம். அப்போது யாரும் அமங்கலம் என்று சொல்வதில்லை. பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு என்று எழுதும்போது மட்டும் சகுனம் பார்க்கிறோம்.

"இப்போது தாலி, பிறகு எப்போதாவது பதிவு" என்றும் ஒரு யோசனை எழுதியிருக்கிறீர்கள். செய்யலாம், தடையில்லை. பதிகிற நாளிலிருந்துதான் சட்டக் கல்யாணம் தொடங்கும். அதற்கு முன் ஏ.என்.சி.யும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த "பிறகு" வருவதற்கு இரண்டு பேர் சம்மதம் வேண்டும். இப்போது கல்யாண மகிழ்ச்சியில் கிடைக்காத சம்மதம், ஒரு சண்டைக்குப் பிறகு கிடைக்குமா? உங்கள் நாத்தனார் வீட்டிலும் "பிறகு பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பேச வேண்டியவர் நீங்கள் இல்லை

கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம் உங்கள் மகளுக்கு. கடிதம் முழுக்கச் சம்பந்தி என்ன சொன்னார், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. முதலில் அவளிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவளே மாப்பிள்ளையைக் கேட்கட்டும், பெரியவர்கள் இல்லாத இடத்தில். "பதிவு வேண்டாம் என்பது அப்பா கருத்தா, உங்கள் கருத்தா?" இந்த ஒரு கேள்வி போதும். அப்பாவுடையது என்றால் விஷயம் சுலபம். அவருடையது என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். கடன்தான் காரணம் என்றால் நோட்டரியிடம் தீர்வு இருக்கிறது. காரணமே சொல்லாமல் மறுத்தால், மண்டப அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வேன். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சம்பந்தியிடம் நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், சந்தேகம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். வள்ளியம்மை கதையைச் சொல்லுங்கள். வழக்கம் பேசுகிறவரிடம் வழக்கத்தின் மொழியில்தான் பேச வேண்டும்.

இந்த வாரமே ஐயரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் ஹோம் அஃபேர்ஸ் நியமித்த மேரேஜ் ஆபீசரா? எல்லா ஐயரும் அல்ல. ஆம் என்றால் தாலி கட்டிய கையோடு அங்கேயே பதிவு முடிந்துவிடும். நான் பார்த்த கல்யாணங்களில் மணவறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டிருப்பார்கள். மாலையைக் கழற்றாமல் பெண்ணும் பிள்ளையும் குனிந்து கையெழுத்துப் போடுவார்கள், சாட்சிகள் இரண்டு பேர் போடுவார்கள். ஒருமுறை ரிஜிஸ்டரில் பெண்ணின் விரலிலிருந்த சந்தனம் ஒட்டிக்கொண்டது; ஐயர் துண்டால் ஒற்றி எடுத்தார். கல்யாணம் நடக்கும் இடத்தின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நம் கல்யாணத்தில் கதவை எப்போது சாத்தினோம்? ஐயர் அதிகாரி இல்லை என்றால், முந்தின நாளோ அடுத்த நாளோ அடையாள அட்டைகளோடும் இரண்டு சாட்சிகளோடும் ஹோம் அஃபேர்ஸ் போகலாம். எந்த நாளில் போனாலும் ஏ.என்.சி. அதற்கு முன்னால் கையெழுத்தாகியிருக்க வேண்டும்.

உங்கள் நாத்தனாருக்கு

அவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டாம். கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்பது முடிவல்ல. மேலே சொன்ன 2008 தீர்ப்பு இவருடைய நிலைக்கே பொருந்துகிறது. பிள்ளைகள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயில் இல்லாத கணவரின் சொத்து முழுவதும் மனைவிக்கே, தம்பிகளுக்குப் பங்கே கிடையாது. பிள்ளைகள் இருந்திருந்தால் ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது அதிகமோ அது மனைவிக்கு.

இறந்தவர் சொத்தைக் கவனிக்கிற மாஸ்டர் ஆபீசில் அவர் காட்ட வேண்டியது, கல்யாணம் நடந்தது என்பதும் இருவரும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள் என்பதும்தான். கல்யாணம் செய்துவைத்த ஐயர் இருந்தால் அவரிடமிருந்து பிரமாண வாக்குமூலம், இல்லையென்றால் கல்யாணத்துக்கு வந்த இரண்டு பெரியவர்களிடமிருந்து. அழைப்பிதழ், போட்டோ, இருவர் பெயரும் சேர்ந்து வந்த கடிதங்கள். இரண்டு வருஷம் ஏற்கெனவே போய்விட்டது. வீட்டைத் தம்பிகள் பெயருக்கு மாற்ற ஏதாவது மனு போயிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் லீகல் எய்ட் அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது அந்தக் கல்யாணப் பத்திரிகையை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். மஞ்சள் கறை இருந்தாலும் பரவாயில்லை, துடைக்க வேண்டாம்.